வடமேற்கில் ஒரு சிவப்புப் புள்ளி

கறம்பக்குடி வழி,
9.12.2024

ஷர்லிக்கு,

சேரன் எழுதுவது. ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். அப்பா நன்றாக இருக்கிறார்.

பொங்கல் கழித்து மேஸ்திரி வருகிறார். கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னை இந்த வருஷம்தான் ஒழுங்காகக் காய்த்திருக்கிறது. கொப்பரை காயப்போட மாடியில் தகரக் கொட்டகை போடப்போகிறேன். டெலஸ்கோப் மாட்டுவதற்காக நீ கட்டிய சிமெண்டுத் தூண் மாடியில் இடுப்பு உயரத்துக்கு நட்டமாக நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு கொட்டகை போட முடியாது. இடிக்கப் போகிறேன். சொல்லாமல் இடித்துவிட்டான் என்று நாளைக்கு நீ யாரிடமும் சொல்லக்கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் டெலஸ்கோப், கேமரா, மற்ற சாமான் எல்லாம் இங்கே அப்படியே இருக்கின்றன. பொங்கலுக்குள் வந்து எடுத்துக்கொண்டு போ. இல்லை, யாரையாவது அனுப்பு.

போனில் சொல்லலாமே என்று உன் அண்ணி கேட்டாள். உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டுப் பேசினால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இதையே மூன்று தாள் கிழித்துப் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

சேரன்

*

ஓசூர்,
16.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டேன். பயப்பட வேண்டாம் என்று நீ உள்ளே எழுதி என்ன செய்ய, பயப்படுகிறவள் கவரைப் பிரிக்க வேண்டாமா? என் அறைத்தோழி வைஷ்ணவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில்தான் அவளும் இருக்கிறாள். அவள் படித்துவிட்டு, "ஒண்ணுமில்லடி, ஏதோ தூணை இடிக்கப் போறாராம்" என்றாள். அப்பாடா என்று சிரித்தேன். அப்புறம்தான் எந்தத் தூண் என்று உறைத்தது.

சொல்லிவிட்டு இடிக்கிறாயே, அதற்கு நன்றி அண்ணே. கிண்டல் இல்லை, மனசார எழுதுகிறேன்.

ஆனால் என்னால் வர முடியாது. போன வாரம் ஸ்கூட்டி சறுக்கி வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. பிப்ரவரி கடைசி வரை பஸ் ஏறக்கூடாதாம். அப்பாவிடம் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது நடந்துகொண்டே பேசுகிற மாதிரி மூச்சு வாங்கி நடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். கேட்க எனக்கு அருகதை இல்லை என்று தெரியும். கேட்காமல் இருந்தால் வாழ்நாள் முழுக்க வருத்தப்படுவேன்.

அந்தத் தூணில் வைத்து நான் எடுக்க ஆரம்பித்த படம் ஒன்று பாதியில் நிற்கிறது. நெபுலா படம். நெபுலா என்றால் வானத்தில் ஒளிர்கிற வாயு மேகம். புதுசாகப் பிறந்த நட்சத்திரங்கள் சுற்றியிருக்கும் வாயுவைச் சூடாக்கிச் சிவப்பாக எரிய வைக்கும். நம் பால்வெளிக்குள் இருக்கிற நெபுலாவை எத்தனையோ பேர் எடுக்கிறார்கள். நான் எடுப்பது இன்னொரு கேலக்ஸிக்குள் இருப்பது. எம் 33 என்று பெயர். அங்கிருந்து வெளிச்சம் கிளம்பி இங்கே வந்து சேர இருபத்தேழு லட்சம் வருஷம் ஆகிறது. அவ்வளவு தூரத்திலும் அந்த நெபுலா தெரிகிறது அண்ணே! படத்தில் கடுகளவு சிவப்பாகத் தெரியும். ஆனால் ஒரு படம் போதாது. இரண்டு இரண்டு நிமிஷமாக நூறு, இருநூறு படம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் அந்தக் கடுகு துலங்கும். 2018-ல் எடுத்ததில் தேறியது தொண்ணூற்றிரண்டு. அதோடு நின்றது. ஓசூரில் எடுக்க முடியாது, இங்கே வானமே ஆரஞ்சு நிறம்.

தை அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் சாயங்காலத்தில் நிலா இருக்காது. ஏழு மணிக்கே எம் 33 உச்சிக்குக் கொஞ்சம் வடமேற்கில் இருக்கும். ஒன்பதரை மணிக்கு மேல் இறங்கிவிடும். அந்த ஒரு வாரம் மட்டும் தூணை விட்டுவைக்க முடியுமா? எனக்குப் பதிலாக நீ எடுக்க முடியுமா? கேமராவில் இருக்கும் மெமரி கார்டைத் தபாலில் அனுப்பினால் போதும். நம் ஊர் சிக்னலில் அந்தப் படங்கள் வந்து சேர அடுத்த பொங்கல் ஆகிவிடும்.

இன்னொன்று. பின்பக்கம் நீ போட்டிருக்கும் ஃபோகஸ் லைட் எரிந்தால் படம் வெளுத்துவிடும். அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் அதை அணைக்க வேண்டும்.

ஷர்லி

*

24.12.2024

ஷர்லிக்கு,

கால் உடைந்தது கேட்டு வருத்தம். அண்ணி மாதா கோயிலில் உனக்காகப் பூசைக்கு எழுதி வைத்திருக்கிறாள்.

மேஸ்திரியைப் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். அவருக்கும் வேறு வேலை இருக்கிறதாம், உனக்காக இல்லை. படம் எடுப்பதைப் பற்றி யோசிக்கிறேன். லைட்டை அணைக்க மாட்டேன். அதைக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

கஜா அடித்த மூன்றாம் நாள் நினைவிருக்கிறதா? நூற்றெண்பது மரம் சாய்ந்து கிடக்கிறது. நான் தோப்பு நடுவில் எந்த மரத்தை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். நீ மாடியிலிருந்து கத்துகிறாய்: "அண்ணே, துருவ நட்சத்திரம் தெரியுதுண்ணே! இங்கிட்டு மரமே மறைக்கல!" அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமான குரல்.

மூன்று வாரம் கரண்டு இல்லை. ஊர் குடிதண்ணீருக்காக வைத்த ஜெனரேட்டரில் நீ கேமரா பேட்டரி சார்ஜ் போட்டாய். டிராக்டர் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனாய். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கண்ணுக்கு இருட்டுப் பழக வேண்டும், படத்தில் வெளிச்சம் விழக்கூடாது என்று, பழைய கிறிஸ்துமஸ் ஸ்டாரைப் பிரித்து அதிலிருந்த சிவப்புக் கண்ணாடித்தாளை வீட்டில் இருந்த எல்லா டார்ச்சிலும் ஒட்டினாய். அந்தச் சிவப்பு மினுக்கட்டை வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போன அப்பா, சாய்ந்து கிடந்த மரத்தில் இடறி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ரோடு முழுக்க மரம் கிடந்ததால் தஞ்சாவூர் போக ஐந்து மணி நேரம். டிராக்டர் குலுங்கும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார், நீயும்தான் பார்த்தாய். இன்றைக்கும் கம்பு இல்லாமல் நடக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னிடம் சொன்னதை நான் திரும்ப எழுத வேண்டாம். இனி இந்த வீட்டுப் பின்பக்கம் ஒரு நாளும் இருட்டாகக் கிடக்காது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். கரண்டு வந்ததும் முதல் வேலையாக அந்த லைட்டைத்தான் போட்டேன்.

சேரன்

பி.கு. டெலஸ்கோப்பை இறக்கிப் பார்த்தேன். விதைக்கடலை வைக்கிற தகர டின்னில் உரச்சாக்கு சுற்றி வைத்திருந்தேன். எறும்பு இல்லை, பூஞ்சை இல்லை. தூணில் மாட்டும்போது இடப்பக்கத்து மறை எந்தப் பக்கம் திருகினால் இறுகும்?

*

ஓசூர்,
31.12.2024

அன்புள்ள அண்ணே,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எல்லாம் உண்மை. நான் சந்தோஷப்பட்டேன். ஊரே இழவு வீடு மாதிரி கிடக்கும்போது மாடியில் நின்று துள்ளினேன். எட்டு வருஷமாக வடக்கே மரங்கள் மறைத்த நட்சத்திரம் ஒரே நாளில் தெரிந்ததும் எனக்கு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. உன் முகமும் படவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சிவப்புத்தாளும் என் கைதான். நான்தான் கத்தரித்தேன், நான்தான் பசை தடவினேன். ஆறு வருஷத்தில் அப்பாவிடம் வாரா வாரம் பேசியும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. அவரும் பேசியதில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை நம்பரைப் போட்டேன். நீ பிளாக் பண்ணியிருந்தது ஒரு வகையில் எனக்கு வசதியாகத்தான் இருந்தது, கேட்டுப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு அண்ணே.

லைட்டைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன். எரியட்டும். அப்பா கால் பத்திரமாக இருக்கட்டும்.

மறையை வலப்பக்கம் திருகினால் இறுகும். விதைக்கடலை டின்னா! நான் அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பாய் என்றே நினைத்திருந்தேன். விதைக்குக் கொடுக்கிற மரியாதையை என் டெலஸ்கோப்புக்கும் கொடுத்திருக்கிறாயே, நீ நல்லா இருப்பே.

என்ன செய்ய வேண்டும் என்று தனித்தாளில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். தூண் வடக்குப் பார்த்துச் சரியாகத்தான் நிற்கிறது, அதைத் தொடாதே. உச்சியில் பளபளவென்று இருப்பது வியாழன். அதைக் கேமராவின் நடுவில் கொண்டுவந்து, கையில் இருக்கும் ரிமோட்டில் எம் 33 என்று அழுத்து. மோட்டார் அதுவாகத் திரும்பும். பனி இறங்கினால் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடாதே, அண்ணியின் ஹேர் டிரையரால் இலேசாகச் சூடு காட்டு. அண்ணியிடம் இல்லை என்றால் யாரிடமாவது இரவல் வாங்கு, எதற்கென்று மட்டும் சொல்லாதே.

ஷர்லி

*

22.1.2025

தங்கச்சி ஷர்லிக்கு,

மூன்று நாளாக எடுத்தேன். கார்டு இதோடு இருக்கிறது. தபாலாபீசில் முத்திரை குத்தும்போது உடைந்துவிடக்கூடாது என்று கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டுக்கு நடுவில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளையார் படம் போட்ட பத்திரிகை, கவனமாகப் பிரி.

உன் தனித்தாளை எழுதிய கையை உடைக்க வேண்டும் என்று முதல் நாள் தோன்றியது. வியாழனை நடுவில் கொண்டுவா என்று சும்மா எழுதிவிட்டாய். அது மாடு மாதிரி நழுவி நழுவிப் போகிறது. நான் மேற்கே இருந்த வெள்ளியைப் பிடித்துவிட்டு வியாழன் என்று நினைத்து ஒரு மணி நேரம் போராடினேன். ரிமோட்டை அழுத்தினால் டெலஸ்கோப் திரும்பிக் கீழே மோட்டார் கொட்டகையைப் பார்க்கிறது. கொட்டகையை நாலு படம் எடுத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

இரண்டாம் நாள் சரியாக வந்தது. கேமராவின் பின்பக்கத்தில் பொடிப் பொடியாக நட்சத்திரம் விழுந்ததைப் பார்த்து அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், "இதுக்கா எங்கம்மா வீட்டு ஹேர் டிரையரை வாங்கியாரச் சொன்னீக?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். அரை மணி கழித்துக் காபியோடு மேலே வந்தாள்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படி அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்க என்னடா பண்றே?" என்றார். சொன்னேன். "வெளிச்சத்தப் போட்டுக்கிட்டா எடுக்குறே? அவ இருட்டுலல்ல எடுப்பா? ஒனக்கு என்ன கிறுக்கா, அதை அணைடா" என்றார். நான் அணைக்கவில்லை.

படம் ஆகுமா ஆகாதா என்று எழுது. அமாவாசைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

சேரன்

*

ஓசூர்,
25.1.2025

அன்புள்ள அண்ணே,

கார்டு வந்தது. பிள்ளையார் பத்திரம். நட்சத்திரம் ஒவ்வொன்றும் வட்டமாக, ஊசி குத்தின மாதிரி இருக்கிறது. முதல் தடவையே இப்படி யாருக்கும் வராது! எனக்கு வர ஒரு வருஷம் ஆனது. மோட்டார் கொட்டகை படமும் பிரமாதம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நெபுலா விழவில்லை. ஃபோகஸ் லைட் வெளிச்சம் கீழேயிருந்து ஏறி, எல்லாப் படமும் பால் ஊற்றின மாதிரி வெளுத்திருக்கிறது. அதற்காக உன்னை லைட்டை அணைக்கச் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவில்லை.

ஆனால் வேறொன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்கக் கேட்காமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

உன் படங்களைப் பழைய படங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். 2018 டிசம்பர் 5, அப்பா விழுந்த அன்று எடுத்தவை. ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிந்திருக்கும். 8.46 படம் சுத்தமாக இருக்கிறது. 8.48 படம் கெட்டுப்போயிருக்கிறது. அதுதான் கடைசிப் படம். இரண்டு நிமிஷம் ஓட வேண்டியது ஐம்பது செகண்டில் நின்றிருக்கிறது, ஏனென்றால் அப்பா சத்தம் கேட்டதும் நான் நிறுத்திவிட்டு ஓடினேன். ஆக அந்தப் படத்தில் விழுந்திருக்கும் வெளிச்சம் அப்பா விழுவதற்கு முன்னால் விழுந்தது. நீங்கள் எல்லாம் டார்ச்சோடு ஓடி வந்ததற்கும் முன்னால்.

அது வெள்ளை வெளிச்சம் அண்ணே. நீ இப்போது அனுப்பிய படங்களில் இருக்கிற அதே வெளுப்பு. சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச் என்றால் படம் சிவப்பாகியிருக்கும். ஊரிலேயே அன்றைக்கு வேறு விளக்கு கிடையாது.

அப்பா கையில் இருந்த டார்ச்சில் தாள் இருந்ததா?

சண்டைக்குக் கேட்கவில்லை. ஆறு வருஷமாகத் தூக்கம் பிடிக்காதபோதெல்லாம் அந்தத் தாளை நான் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் சொல். தெரியாது என்றாலும் சரி, நம்புகிறேன்.

ஷர்லி

*

31.1.2025

பாப்பா,

தாள் இல்லை. நான்தான் கிழித்தேன்.

அன்று ராத்திரி அப்பா மாட்டைப் பார்க்க டார்ச் கேட்டார். எடுத்தால் முகப்பில் சிவப்புத்தாள். ஊரே இருட்டில் கிடக்கிறது, இவளுக்குச் சிவப்பு லைட் கேட்கிறதா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வறட்டென்று கிழித்துப் போட்டுவிட்டுத்தான் அவர் கையில் கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தது.

வழியில் கிடந்த மரத்தை உருட்டிப்போடச் சொல்லி அப்பா அன்று காலையிலிருந்து இரண்டு தடவை சொன்னார். அண்ணியும் சொன்னாள். தோப்பில் கிடந்த அத்தனையையும் அறுத்து அடுக்கிய நான், வீட்டுக்குப் பின்னால் கிடந்த அந்த ஒரு மரத்தை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று விட்டேன். காய்ப்பில் அதுதான் முதல் மரம். அதில் வாளை வைக்கக் கை வரவில்லை. அதற்காக வழியில் போட்டுவைக்கலாமா?

ஓடிப்போய் அவரைத் தூக்கும்போது டார்ச் பக்கத்தில் எரிந்துகொண்டே கிடந்தது. தாள் இல்லாத டார்ச். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னிடம், ஒன் நட்சத்திரம்தான் அப்பாவை விழத்தட்டுச்சு, இனிமே வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்னேன். யார் மேலாவது போட வேண்டியிருந்தது, உன் மேல் போட்டேன். நீயும் வாங்கிக்கொண்டாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். நீ பேசவில்லை. அப்புறம் வருஷம் ஆக ஆக, அது உண்மைதான் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். டிசம்பரில் உனக்கு எழுதிய கடிதத்தில்கூடக் கூசாமல் எழுதியிருக்கிறேன் பார். பிளாக் பண்ணினதும் கோபத்தில் இல்லை. உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்ற பயம்.

உன் கடிதம் 28-ஆம் தேதி மத்தியானம் வந்தது. சாப்பிடவில்லை. பொழுது சாய்ந்ததும் பின்பக்க வழியில் வீட்டிலிருந்து தொழுவம் வரைக்கும் நடந்தேன். ஒரு மட்டை, இரண்டு தேங்காய், ஒரு வாளி கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்து ஓரமாகப் போட்டேன். திரும்ப ஒரு தடவை நடந்தேன். அப்புறம் லைட்டை அணைத்தேன். மூன்று நாளும் அப்படித்தான். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரைக்கும் எடுத்தேன். கார்டு இதில் இருக்கிறது.

இந்த மூன்று நாளும் அந்தத் தூணோரம் உட்கார்ந்திருந்தது எனக்கு என்னவோ செய்துவிட்டது. கண்ணுக்கு இருட்டுப் பழகப் பழக வானம் ரொம்பிக்கொண்டே வந்தது. என் வீட்டு மாடிதான், நான் பார்த்ததே இல்லை. நீ கேட்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன். உனக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் கிடையாது, அதனால் எழுதுகிறேன். நன்றி.

நீ இனிமேல் எழுத மாட்டாய் என்றாலும் அது நியாயம்தான். படத்தை மட்டும் முடித்துவிடு.

சேரன்

*

ஓசூர்,
9.2.2025

அன்புள்ள அண்ணே,

கோபம் வரட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தேன். வந்தது. வைஷ்ணவியிடம் கத்தினேன், பாவம் அவள், சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஆறு கிறிஸ்துமஸ் அண்ணே! ஆறு கிறிஸ்துமஸுக்கும் இங்கே பரோட்டா தின்றுவிட்டுப் படுத்தேன். அதை உனக்குச் சொல்லாமல் விட முடியாது. சொல்லிவிட்டேன்.

மறுநாள் கார்டைப் போட்டேன்.

நீ எடுத்ததில் நூற்றுப் பதினெட்டு படம் சுத்தமாக இருக்கிறது. என் தொண்ணூற்றிரண்டோடு ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தேன். கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் கேலக்ஸியின் சுருள் கைகள் வந்தன. அப்புறம் ஓரத்தில் அந்தச் சிவப்பு. கடுகளவு இல்லை அண்ணே, மிளகளவு! நடுவில் வெளிறி, சுற்றிலும் பூ இதழ் மாதிரி பிரிந்து தெரிகிறது. நான் எடுத்தது மட்டும் என்றால் வெறும் அழுக்குப் புள்ளி. நீ எடுத்ததைச் சேர்த்த பிறகுதான் அதற்கு உருவம் வந்தது. நான் அழுதேன், வைஷ்ணவி அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

படத்தை அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பதைப் பார். "எடுத்தவர்கள்: சேரன், ஷர்லி." உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். படம் அதிகம் உன்னுடையது.

உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நீ தெரியாது என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம், தப்பிக்கவில்லை. இப்போது படுத்தால் தாள் ஒட்டுகிற கனவு வருவதில்லை. நன்றாகத் தூங்குகிறேன், அதற்கு நன்றி. விதைக்கடலை டின்னுக்கு நன்றி. பிள்ளையார் அட்டைக்கு நன்றி. நீ வழியில் இரண்டு தடவை நடந்தாயே, அதற்கு.

தூணை இடித்துக்கொள். வருத்தமே இல்லை, படம் முடிந்துவிட்டது. வடக்குப் பக்கத் தென்னைகள் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் வளர்ந்து துருவ நட்சத்திரத்தை மறைத்துவிடும்தானே? மறைக்கட்டும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

கெட்டுப்போன அந்த 8.48 படத்தை மட்டும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் மற்ற எல்லாவற்றையும் வெளுக்கடித்துவிடும். அழித்துவிடவா?

ஷர்லி

*

17.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அழிக்காதே. அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளைக் கிழித்தது, மரத்தை உருட்டாமல் விட்டது, பழியை உன் மேல் போட்டது, நீ ஆறு வருஷம் வராமல் இருந்தது அதனால்தான் என்பது எல்லாம் சொன்னேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்திருக்கிறார். கம்பை எடுத்து அடிப்பார் என்று பார்த்தேன். எடுத்தார். தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அட கூறுகெட்ட பயலே. தாளும் இல்ல, கட்டையும் இல்ல. கட்டை கெடக்குறது எனக்குத் தெரியாதா? தெனம் நாலு தடவை தாண்டிப் போற கட்டைதானே? அன்னைக்கு நான் கீழ பாக்கல. பிள்ள பனியில நிக்கிறாளே, தலையில துணி கட்டியிருக்காளா இல்லையான்னு டார்ச்ச மாடிக்கு அடிச்சேன். அவளப் பாத்துக்கிட்டே கால எடுத்து வச்சேன், விழுந்தேன். இதுக்கா ரெண்டு பேரும் ஆறு வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தீக? என்னையக் கேட்டா என்ன?"

கேட்டிருக்கலாம் பாப்பா. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் அந்தப் படத்தில் விழுந்திருக்கிற வெளிச்சம் என்னவென்று இப்போது உனக்குத் தெரியும். அதையும் அச்சுப் போட்டு அனுப்பு. அப்பா கேட்கிறார். அந்த மிளகுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லையாம், அது அவரே எடுத்த படமாம்.

மேஸ்திரி வந்துவிட்டார். தூண் இருக்கிற மூலையை விட்டுவிட்டுக் கொட்டகையைத் தெற்கே தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். கொப்பரைக்கு அவ்வளவு இடம் போதும். அந்த மனுஷன் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, இது என்ன, யார் சமாதி என்று கேட்கிறார். தங்கச்சி படம் எடுக்கிற இடம் என்று சொன்னேன். ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினார்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் கார்டோ கடிதமோ வந்தால் நன்றாகத்தான் இருக்கிறது, எழுதாமல் இருந்துவிடாதே. கட்டுப் பிரித்ததும் டிக்கெட் போட்டு எந்தப் பஸ் என்று மட்டும் சொல். புதுக்கோட்டையில் வந்து நிற்கிறேன்.

ஃபோகஸ் லைட்டை இப்போது தினமும் ஏழு மணிக்கு அப்பாவே அணைக்கிறார். அவள்தான் இன்னும் வரவில்லையே, இப்போது எதற்கு என்று கேட்டால், "பழகிக்கிட்டு இருப்போம்டா" என்கிறார். நீ எத்தனை மணிக்கு வந்தாலும் பின்பக்கமாகவே வரலாம். பாதையில் ஒன்றும் கிடக்காது. தினமும் லைட்டை அணைப்பதற்கு முன்னால் நான் நடந்து பார்த்துவிடுகிறேன்.

உன் அண்ணன்
சேரன்